இடப்பக்கத்து வானம்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

குருவி எழுதுகிறேன். படுத்தபடி எழுதுவதால் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்தே என் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விசாரணை முடியும்வரை உங்களோடு பேசக் கூடாது என்று ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். போன் கூடாது, மெசேஜ் கூடாது, மெயில் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார்கள். கடிதம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இடுப்பில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலது கால் மரத்துப் போயே இருக்கிறது. "நடப்பீங்க, ஆனா எப்போன்னு கேக்காதீங்க" என்கிறார் டாக்டர். தம்பி வீட்டு முன்னறையைக் காலி செய்து எனக்குக் கட்டில் போட்டிருக்கிறான். ஆறு வருஷம் உங்கள் விமானத்தில் பணிப்பெண்ணாக ஓடியாடிவிட்டு, இப்போது தண்ணீர் டம்ளருக்கு ஒருத்தரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. போகட்டும்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். காற்று தூக்கிப் போட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் முன்கதவு ஓரம் நின்றிருந்தேன், கையில் காபி இருந்தது. காற்று வருவதற்கு முன்னால் விமானம் ஒரு நடுக்கம் காட்டும், அது எங்கள் பாதத்துக்குத் தெரியும். அன்றைக்கு எந்த நடுக்கமும் இல்லை. காபி கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. அடுத்த நொடி நான் கூரையில் மோதி, ட்ராலி மேல் விழுந்து கிடந்தேன்.

காற்று இல்லை கேப்டன். நீங்கள் திருப்பினீர்கள். ஏன் திருப்பினீர்கள்?

இப்படிக்கு,
குருவி


பிப்ரவரி 17

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று. திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறாள். நீ எழுந்து நடந்துவிடுவாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். எத்தனை பயணிகளை முறைத்தே உட்கார வைத்திருக்கிறாய்!

கேட்டதற்குப் பதில்: காற்றுதான். தெளிவான வானத்திலும் அப்படி வருவதுண்டு, உனக்கும் தெரியும். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. சாப்பிடு, தூங்கு, டாக்டர் சொல்வதைக் கேள்.

அன்புடன்,
கேப்டன்


பிப்ரவரி 22

கேப்டன் அவர்களுக்கு,

சாப்பிடு, தூங்கு என்று சொல்ல எனக்கு இங்கே ஆள் இருக்கிறது.

நான் விழுந்து கிடந்தபோது உங்கள் கதவுக்கு மிக அருகில் இருந்தேன். நீங்கள் உள்ளே கத்தியது கேட்டது. "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று கோ-பைலட்டைக் கேட்டீர்கள். காற்றைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. என்னை அவர்கள் கேட்டதே இரண்டு கேள்விதான்: சீட் பெல்ட் விளக்கு எரிந்ததா, ட்ராலிக்கு பிரேக் போட்டிருந்ததா. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கால் போனதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உண்மையாக இருந்தால் போதும். அதைக்கூடத் தர முடியாதென்றால் இனி எழுத வேண்டாம்.

குருவி


மார்ச் 1

தங்கச்சி,

கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

இடப்பக்கம் ஒன்று வந்தது. பறவை இல்லை, பலூன் இல்லை, வேறு விமானமும் இல்லை. முப்பது வருஷமாக வானத்தில் இருக்கிறேன், அங்கே பறக்கிற எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். மழை வருவதற்கு முன் மேகத்துக்கு ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். இறக்கை இல்லை, வால் இல்லை. ஓரமெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனால் அதன்மேல் ஒரு பளபளப்பும் இல்லை. தெருவில் சைக்கிளோடு நாய் ஓடி வருமே, அப்படி எங்களோடு கூடவே வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பயமே இல்லை. எவ்வளவு அழகு என்று நினைத்தேன், அதுதான் வேடிக்கை.

அப்புறம் அது எங்கள் பக்கம் திரும்பியது. நேராக வந்தது. மூக்கைத் தாழ்த்தி வலப்பக்கம் ஒடித்தேன். கோ-பைலட் தலை குனிந்து இறங்குவதற்கான விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தபோது ஒன்றுமில்லை. ரேடாரிலும் ஒன்றுமில்லை.

முதல் நாள் விசாரணையில் இதை அப்படியே சொன்னேன். மேலதிகாரி என்னைத் தனியே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "சார், காத்துன்னு எழுதிட்டா எல்லாருக்கும் நல்லது. வேற ஏதாவது எழுதினா நீங்க இனிமே பறக்க முடியாது. யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்தேன். காற்று என்று எழுதினேன்.

இதுதான் உண்மை. உன் காலுக்கு இது போதுமா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் என்று நினைத்து மன்னித்துவிடு.

கேப்டன்


மார்ச் 8

கேப்டன் அவர்களுக்கு,

சொன்னதற்கு நன்றி. கடிதத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் பத்திரமாக இருக்கிறது. தம்பி கையில் மட்டும் சிக்கக் கூடாது. வேற்றுக்கிரகம் என்றால் அவன் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். நேற்றுக்கூட டிவியில் ஏதோ புகைமூட்டமான படத்தைக் காட்டி, "அக்கா, பாரு, இறங்கிட்டாங்க" என்றான். கரண்ட் பில் கட்ட இறங்கியிருப்பார்கள், நீயும் கூடவே போய்க் கட்டிவிட்டு வா என்றேன்.

சிரிப்பை விடுங்கள். நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பொய் சொல்கிறவர் எழுத்து இப்படி இருக்காது. நீங்கள் பார்த்ததாகச் சொல்வதைப் பார்த்தீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அது எப்போதும் உங்களுக்கு முன்னால்தான் இருந்ததா, இல்லை பின்னால் தள்ளி எங்கள் கதவுப் பக்கமும் வந்ததா? திரும்புவதற்கு முன் எங்கே இருந்தது? நன்றாக யோசித்து எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

தூங்குகிறீர்களா? உங்கள் கையெழுத்தும் கோணுகிறது. உங்களுக்கு இடுப்பு ஒன்றும் ஒடியவில்லையே.

குருவி


மார்ச் 16

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன். "நம்புகிறேன்" என்று ஒருத்தர் எழுதிப் பார்க்க எத்தனை நாள் ஆயிற்று!

கேட்டாயே, சொல்கிறேன். அது முன்னாலிருந்து மெல்லப் பின்தங்கியது. நான் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. திரும்புவதற்கு முன் நீ நின்ற கதவுக்கு நேராகவே இருந்தது. சந்தேகமே இல்லை. கதவைத் திறந்து கை நீட்டியிருந்தால் நீ தொட்டிருப்பாய், அவ்வளவு பக்கம்.

இப்போது இதைக் கேள். மறுபடியும் பார்த்தேன்! ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்துக்கு மேலே அதே நிறம், அதே ஓரம். அசையாமல் நின்றது. "பாரு, பாரு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்க? ஒண்ணும் இல்லையே" என்றாள். அப்புறம் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து மகள் அறையில் போய்ப் படுக்கிறாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. எல்லோர் கண்ணுக்கும் அது தெரியாது. இப்படிப் பார்த்தவர்கள் கூடுகிற ஆகாயக் குழு என்று ஒன்று இருக்கிறது, போய்ச் சேர்ந்திருக்கிறேன். பைத்தியங்கள் என்று நினைக்காதே. வங்கி மேனேஜர் இருக்கிறார், பல் டாக்டர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ரேடியோ இன்ஜினியர் ஒருவர்தான் தலைவர். நான் பேசி முடித்ததும் அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவை பாத்தா தற்செயல். ரெண்டாவது தடவை வந்தா, அவங்க உங்களைத் தேடி வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். விசாரணையை மூடிவிட்டார்கள். ஏப்ரல் முதல் வாரம் மறுபடியும் பறக்கிறேன். மேலே போனால் மறுபடியும் வரும், எனக்குத் தெரியும். இந்தத் தடவை தயாராக இருப்பேன்.

உன் அண்ணன்,
கேப்டன்


மார்ச் 20

கேப்டன்,

இதை எழுத எனக்கு மனசில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன கடிதத்தில் கதவைப் பற்றி ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்கவில்லை. அன்று தலைவலி. இடப்பக்கக் கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி சில்லென்று இருக்கும், அதில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திருப்புவதற்கு முன்னால் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிய நொடியிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது.

இடப்பக்கம் ஒன்றுமில்லை கேப்டன். நீலம். கீழே ரொம்பத் தூரத்தில் ஒரு வரி மேகம். அவ்வளவுதான்.

நீங்கள் முன்னால் பார்த்ததாகச் சொல்லியிருந்தால், எனக்குத் தெரியாது என்று பேசாமல் இருந்திருப்பேன். அதற்காகத்தான் கேட்டேன். அப்படிச் சொல்லிவிட மாட்டீர்களா என்று ஏங்கினேன். என் கதவுக்கு நேராக, தொடுகிற தூரத்தில் என்கிறீர்கள். அங்கே நான் இருந்தேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. ஆனால் இல்லாத ஒன்று உங்கள் கண்ணுக்கு இரண்டு முறை தெரிந்திருக்கிறது. கண்ணிலோ தலையிலோ ஏதோ இருக்கலாம், பார்க்கிறபடி பார்த்தால் சரியாகிவிடலாம். அது தெரிகிறவரை நீங்கள் பறக்கக் கூடாது. உங்களுக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ட்ராலியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள்.

"தயாராக இருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, எதற்குத் தயார்? அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நீங்களே போய் ஆபீசில் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மாதக் கடைசிக்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்.

குருவி


மார்ச் 24

நம்புகிறேன் என்று எழுதிய கையால்தானே இதையும் எழுதினாய்?

நீ பார்த்தது ஒரு கையளவு கண்ணாடி, அதுவும் தலைவலியோடு. ஆகாயக் குழுத் தலைவரிடம் கேட்டேன். பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் தெரிவது சகஜம் என்றார்.

உண்மை என்னவென்று எனக்குப் புரிகிறது. என் காலை ஒடித்தவன் மறுபடியும் பறப்பதா என்று உனக்கு ஆற்றாமை. அதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அதை விட்டுவிட்டு என்னை மூளை கலங்கியவன் ஆக்குகிறாய். பறப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் பால்கனியில் கிளிப் கொடுத்துக்கொண்டே சாக வேண்டியதுதான்.

போய்ச் சொல். யாரை வேண்டுமானாலும் பார்த்துச் சொல். எனக்கு இனி எழுதாதே.


மார்ச் 28

கேப்டன்,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான்.

ஆற்றாமை இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். விமானம் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பழிவாங்கத்தான் இதைச் செய்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க அதே யோசனை. கடைசியில் ஒன்று தோன்றியது. உங்கள் மகள் அந்த விமானத்தில் ஏறுவதாக இருந்தால் நான் என்ன செய்வேன்? வாசலில் குறுக்கே படுத்தாவது அவளைத் தடுப்பேன். அப்படியென்றால் இது பழி இல்லை.

ஆபீசின் விமானப் பாதுகாப்புப் பிரிவு நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி டயல் செய்து கொடுக்கிறேன் என்றான். முதல் தேதி காலையில் நானே பேசிக்கொள்கிறேன், நீ தொடாதே என்று சொல்லிவிட்டேன். அதுவரை காத்திருக்கிறேன். போன் பேசுவது பெரிய வேலையில்லை. நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன் என்று காலம் முழுக்க இருக்குமே, அதுதான் எனக்குத் தாங்காது.

குருவி


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நீ போன் செய்தபோது, "அவரே நேத்து வந்துட்டாரும்மா" என்று சொல்லியிருப்பார்கள். அதற்குமேல் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

மாதக் கடைசி நாள் காலை சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மறுபடியும் பறக்கவிடும் முன் என்னை ஒத்திகை விமானத்தில் உட்கார வைத்துச் சோதிக்கிற நாள் அது. மகள் கல்லூரிக்குக் கிளம்பி என்னோடு லிஃப்டில் இறங்கினாள். "அப்பா, நானும் ஃப்ரெண்ட்ஸும் அடுத்த மாசம் டூர் போறோம். உங்க ஃப்ளைட்டா பாத்து டிக்கெட் போடட்டுமா?" என்றாள். வாய் திறந்தேன், சரி என்று சொல்ல வரவில்லை. லிஃப்ட் கீழே வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம்மா, வேற ஃப்ளைட்ல போ என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

நேரே மேலதிகாரி அறைக்குப் போய், காற்று என்று எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

இரண்டு வாரம் என்னைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். கண், காது, ரத்தம், தலைக்குள் படம், தூங்கும்போது ஒயர். கண் சுத்தம். மூளையில் ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறாள் மனைவி. சிரித்துப் பேசுகிறாள், பழைய அறைக்கும் திரும்பிவிட்டாள்.

கடைசியில் மருத்துவக் குழு கூடியது. நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க உடம்புல ஒரு குறையும் இல்லை. பறக்கத் தடை போட எங்களுக்குக் காரணம் இல்லை. ஒரே கேள்வி. மறுபடியும் அதைப் பாத்தா என்ன செய்வீங்க?"

என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரேடாரைப் பார்ப்பேன், கோ-பைலட்டைக் கேட்பேன், அப்புறம்தான் முடிவெடுப்பேன். பாடப் புத்தகப் பதில். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் நீ எழுதியது ஞாபகம் வரவில்லை, உன் முகம்கூட வரவில்லை. அதுதான் வந்தது, அந்த நிறமும் ஓரமும். அப்படியே நேராக வந்தது.

"திருப்புவேன்" என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "நன்றி கேப்டன்" என்றார். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டது அதுவே கடைசி.

ஆகாயக் குழுக்காரர்கள் மேடை போட்டுக் கூப்பிடுகிறார்கள். போகவில்லை. நான் பார்த்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை தங்கச்சி, இப்போதும் இல்லை. அதை மாற்றிக்கொள்ளச் சொல்லாதே. ஆனால் நீ கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாய் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

போன தடவை எழுதியதற்கு நீ எதுவும் பதில் சொல்ல வேண்டாம். அதை எழுதியவன் மேல் எனக்கே கோபம்.

அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போட்ட கையெழுத்தைப் பார்த்து நானும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். வாய்க்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

கடிதத்தைப் படித்து அழுதேன். தம்பி ஓடி வந்து, "என்னக்கா, வலிக்குதா?" என்றான். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

எத்தனையோ கேப்டன்களுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்திருக்கிறேன். எதிரே ஒன்று வருகிறது என்று நினைத்தும் திருப்பாமல் இருக்கிற ஆள் பின்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் எங்களைக் காப்பாற்றத்தான் திருப்பினீர்கள். எதிலிருந்து என்பதில்தான் நமக்குள் தகராறு. காரணம் வேண்டும் என்று கேட்டேனே, இது போதும். முழுசாகப் போதாது, ஆனால் இதை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடிகிறது.

அங்கே ஒன்றுமில்லை என்று நான் சொன்னது மாறாது. நீங்களும் மாற்றிக்கொள்ள வேண்டாம். மனைவியை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்லுங்கள், நான் பார்க்காததை நான் சொல்கிறேன். தம்பியை மட்டும் எங்காவது அனுப்பிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களை விடவே மாட்டான்.

கதவை நானே வந்து திறப்பேன். முன்னறையிலிருந்து வாசல்வரை வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும். மணியைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

அன்புத் தங்கை,
குருவி